நாலு இரவு, வெந்நீர் உட்பட

கடலுக்குள் கால் நீட்டி நிற்கும்
சிவப்பு மரவீடு.
நாலு இரவுக்கு எடுத்திருந்தேன்.
வெந்நீர் உண்டு, கம்பளி உண்டு,
அமைதி இலவசம் என்றது விளம்பரம்.
ஃபோனை அணைத்து
கரண்டிகளோடு இழுப்பறையில் போட்டேன்.

விடிய நாலு மணிக்கு அந்த அமைதி
டீசல் குடித்து இருமியது.
ஒன்று, மூன்று, ஏழு படகுகள்.
ஜன்னல் கண்ணாடி நடுங்கி ஓய்ந்தபோது
ஊரில் படுத்திருந்தது நான் மட்டும்தான்போல.

பிப்ரவரிச் சூரியன்
மலைக்குப் பின்னாலேயே நடந்து
ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
மரச்சட்டங்களில்
வாலோடு வால் கட்டிய காட் மீன்கள்,
தலையில்லாமல், ஜோடி ஜோடியாக.
நான் மூக்கைத் தொட்டதைக் கடைக்கார யோருன்
பார்த்துவிட்டாள்.
"எங்களுக்கு இது சம்பள வாசனை" என்றாள்,
ரொட்டிக்குச் சில்லறை எண்ணியபடி.

தலைகள் எல்லாம் கொட்டகையில் இருந்தன,
வில்யாவிடம்.
பதினொரு வயது. காதில் ஏதோ பாட்டு.
கழுத்துவரை ஆரஞ்சு ரப்பர் உடுப்பு.
நிற்கும் ஆணியில் தலையைக் குத்தி
கத்தியை ஒரு சுற்று:
நாக்கு வாளிக்குள்.
அடுத்தது.
கோடைக்குள் சொந்தமாய் ஒரு படகு எஞ்சின்
வாங்கிவிடுவாளாம்.

"நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?"
"ஒன்றும் செய்யாமலிருக்க வந்தேன்."
"நாள் முழுக்கவா?"
"நாள் முழுக்க."
"அதற்குக் காசு தருவார்களா?"
"நான்தான் தருகிறேன்."
அப்போதுதான் முதல்முறையாகக்
கத்தி நின்றது.

மூன்றாம் நாள் இரவு
ஆறு படகுகள் திரும்பின.
'ஹவ்தெர்னா' வரவில்லை.
ஓட்டிப் போனவள் ஒட்னி, வில்யாவின் அம்மா.
யோருன் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள்.
பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், செருப்போடு, பனியில்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
என்னைக் கேளாமலே என் கையிலும்
ஒரு காப்பிக் கோப்பை வந்து சேர்ந்தது.

காற்று ஓய்ந்து வானம் திறந்தது.
இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்:
பச்சை ஒளி, மலைக்கு மேலே,
யாரோ திரைச்சீலையை உதறுவதுபோல.
ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.
எனக்கும் கழுத்து நிமிரவில்லை.
எல்லோரோடும் சேர்ந்து
நீர்மட்டத்தில் ஒரு மஞ்சள் புள்ளியைத்
தேடிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது இருபதுக்கு வந்தது.
புரொப்பெல்லரில் கயிறு சிக்கியதாம்.
"தாமதம்" என்றார் வாத்தியார்.
"ஆமாம்" என்றாள் ஒட்னி.
அவ்வளவுதான் பேச்சு.
வீசிய கயிற்றைப் பிடித்து வில்யா கட்டினாள்,
ஒரு முடிச்சு கூடுதலாக.
பிறகு மீன் இறக்கத் தொடங்கினார்கள்.
பெட்டியின் மறுமுனையைப் பிடி என்று
யாரோ என்னையும் அதட்டினார்கள்.

கிளம்பும் காலை கதவுக் கைப்பிடியில்
ஒரு பிளாஸ்டிக் பை:
அரைக் கிலோ நாக்கு.
கூடவே சீட்டு. மாவில் புரட்டி
வெண்ணெயில் பொரிக்கவும்.
அதன் கீழே விலை,
அதன் கீழே வங்கிக் கணக்கு எண்.

பொரித்தேன். புகை எச்சரிக்கை மணி
துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கும்.
ஒரு கையால் ஜன்னலைத் திறந்துவிட்டு
மறுகையால் கரண்டிகளுக்கு நடுவே
ஃபோனைத் துழாவினேன்.
அறுபத்திரண்டு செய்திகள்.
இருக்கட்டும்,
முதலில் அந்தப் பெண்ணின் பாக்கி.