இரண்டு மினுக்கு

போன் வந்தது பதினொன்றே காலுக்கு.
"நாளைக்கு ராத்திரி, குண்டாறு முகத்துவாரம்.
வெளிச்சமில்லாம ஒரு வத்தை." அவ்வளவுதான்.
பெயர் சொல்லவில்லை.
'வத்தை'யில் நடுவெழுத்தைக் கடித்துத் துப்புகிறவன்
மூக்கையூர்க் கரையில் ஒருத்தன்தான்.

தகவல் சொன்னவர்: அடையாளம் தெரியாத ஆண்.
ஸ்டேஷன் நாட்குறிப்பில்
என் கையெழுத்தில் ஏறிய முதல் பொய்.

லிகோரி,
பதினெட்டு வயதில் மணல்மேட்டுக்குப் பின்னால் நான் நிற்பேன்,
நீ கடலிலிருந்து டார்ச் அடிப்பாய்.
ஒரு மினுக்கு: வருகிறேன், இரு.
இரண்டு: ஆள் இருக்கு, வீட்டுக்குப் போ.
எத்தனை இரண்டுகளைத் திட்டியிருக்கிறேன்
ஈர மணலைக் காலால் எற்றி எற்றி.

பிறகு வண்டலூர். பயிற்சி.
சாப்பாட்டுக் கூடத்தில் மேசைக்கு விரித்த பேப்பரில்
சாம்பார் ஊறி உன் முகம்.
கடல் அட்டை எண்பது கிலோ, மூவர் கைது.
ஜெயிலிலிருந்து இரண்டு கடிதம் போட்டாய்.
நான் பதில் போடவில்லை.
அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை,
தேடிப் பார்த்துவிட்டேன்.

அமாவாசை. கச்சான் விழுந்து கிடக்கிறது.
உடைமுள்ளுக்குள் ஐந்து பேர் நாங்கள்.
ஏட்டு காட்டுராஜா சர்க்கரை மாத்திரையைத்
தண்ணீரில்லாமல் விழுங்கிவிட்டுக் கேட்கிறார்:
"கூப்புட்டவனே குழி வெட்டியிருந்தா என்னம்மா பண்ண?"

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
பதில் வராமல் எட்டு மாதம் கம்பி எண்ணியவனுக்கு
இதைவிட வாகான இருட்டு வாய்க்காது.
கிளம்பும்போது
தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில்
கண்ணாடியை இரண்டாம் தரம் பார்த்தேனே,
அதை எந்த ரிஜிஸ்தரில் எழுத?

ஒன்று நாற்பது.
இஞ்சின் சத்தம் வந்தது, அறுந்தது.
துடுப்பு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறது.
பையன்கள் எழுந்துவிட்டார்கள்.
தண்ணீர் மட்டத்தில்
ஒரு மினுக்கு.

என் கால் என்னைக் கேட்காமல் முன்னால் போயிற்று.

இன்னொன்று.

"உக்காருங்க" என்றேன். "எல்லாரும் உக்காருங்க."
"ஏம்மா?"
"ஆள் இருக்கு."
எப்படித் தெரியும் என்று காட்டுராஜா கேட்கவில்லை.
முப்பது வருஷ சர்வீஸ், எதைக் கேட்கக்கூடாது என்று தெரியும்.

ஏழு நிமிஷம். கொசு கடித்தது. யாரும் அடிக்கவில்லை.
நாங்கள் ஓடியிருக்கவேண்டிய அதே மணலில்,
தாழம்புதருக்கு அடியில்,
தரையோடு தரையாய்க் கிடந்த ஆறு பேர்
பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்றார்கள்.
நட்சத்திர வெளிச்சம் போதும்
அரிவாளின் பட்டையைப் பார்க்க.

அதற்குப் பின் நடந்ததெல்லாம்
முதல் தகவல் அறிக்கையில் ஒழுங்காக இருக்கிறது:
பீடி இலை மூட்டை பதினெட்டு,
அதற்கடியில் இருந்த வேறொன்று,
கடலில் குதித்தவன், இடுப்பளவில் பிடித்தது.
உன் மணிக்கட்டு எப்படி முறிந்தது என்பது மட்டும் பாதிதான்.
முதல் மினுக்கு, ஓரத்தில் கிடந்தவர்களுக்கென்று
அவர்கள் அடிக்கச் சொன்னது.
இரண்டாவது உன்னுடையது.
அதற்குத் துடுப்பால் கணக்குத் தீர்த்திருக்கிறார்கள்.

விடிந்துவிட்டது. பெஞ்சில் நீ.
பேண்டேஜுக்குள்ளிருந்தும் டீசல் வாசம்.
உன் காது மடலில் நரை முடி ஒன்று, இது எப்போது?
ஒன்பது மணிக்கு ராமநாதபுரத்திலிருந்து டி.எஸ்.பி. வருவார்,
சாட்சியை முன்பே தெரியுமா என்பார்.
நாட்குறிப்பைத் திறந்து
'அடையாளம் தெரியாத' என்பதைக் கோடு போட்டு அடித்தேன்.
பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி.

நீ குரலைத் தாழ்த்தினாய்.
"தெக்லா, அந்த ரெண்டு கடுதாசியும் வந்துச்சா?"

வந்தது. ஒன்றைத்தான் பிரித்தேன்.
மற்றது பெட்டியில், பழைய பெல்ட்டுக்கு அடியில்.

இதைச் சொல்ல வாயெடுத்தேன்;
காட்டுராஜா டீயோடு உள்ளே வந்தார்.

பேனாவின் பின்முனையால்
மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.
நீ தலையைக் குனிந்துகொண்டாய்,
சிரிப்பை மறைக்கிறவன்போல,
டம்ளரை இடது கையால் வாங்கி.