மட்டையில் திகதி

முதற் சொட்டை வீட்டுக்காரர்தான் கண்டார்.
"தங்கச்சி, இந்தச் சீமெந்து போன மாசம் போட்டது."
வேறொன்றும் சொல்லவில்லை.
அந்த வேறொன்றுமில்லாததுக்குப் பயந்து
பிஸ்கட் பெட்டி ஒன்றை விரித்து
மாருதிக்குக் கீழே தள்ளினேன்.

காலையில் இழுத்துப் பார்த்தால்
கறுப்பாய் ஒரு ஐம்பது சதம்.
சுற்றிவரப் பேனையால் கோடு போட்டு
திகதி எழுதினேன்.
தபால் கந்தோரில் நாள் முழுக்க முத்திரை குத்துகிற கை,
திகதியில்லாத எதையும் நம்பாது.

ஏழாம் திகதி ஒன்று. எட்டில் மூன்று.
பலாலி வீதியால் ஓடிவந்த பதினோராம் திகதி
ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் அடி.
"எல்லாக் காரும் கொஞ்சம் ஒழுகும்" என்றார் இவர்,
"ஒழுகாட்டித்தான் யோசிக்கோணும்,
உள்ளுக்கு ஒயில் இல்லை எண்டு."

கராஜ் நேசன்
ரப்பெட் கவர் காஸ்கெட்டை இரண்டு தரம் மாற்றினான்.
இரண்டாம் தரம் நட்டை இறுக்கியபோது
அவன் கழுத்து நரம்பு புடைத்தது.
மூன்றாம் தரம், "அக்கா, இது பழைய எஞ்சின்" என்றான்.
அந்தச் சொல்லுக்கும் காசு வாங்கினான்.

போயா லீவு.
மண்ணெண்ணெய், தேய்ந்த பல்லு பிரஸ், சவர்க்காரத்தூள்,
நகக்கண்ணில் இறங்கிய கறுப்பு.
சொட்டுகிற இடம் ஒழுகுகிற இடமில்லை.
வழியெல்லாம் வழிந்து, விசிறிக் காற்றுக்குப் பின்னால் ஒதுங்கி,
ஏதோ ஒரு போல்ட்டின் தலையைப் பிடித்துத் தொங்கி,
பிறகுதான் விழும்.
கீழே பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மிதுஷாவின் பவுடர் டப்பாவை
எஞ்சினுக்கு மேல் கவிழ்த்துத் தட்டினேன்.
"அம்மா, காருக்கு வேர்க்குருவா?"
பள்ளிக்கூட நாடகத்தில் பேயாய் வந்த பிள்ளை மாதிரி
வெள்ளையாய் நின்றது.

ஸ்ரார்ட் செய்து கால் மணித்தியாலம்.
போன் வெளிச்சத்தில்,
ரப்பெட் கவரின் மூலையில் ஒரு கறுப்பு இழை.
சரி, நேசன்ரை மூலை.
ஆனால் டிப் ஸ்டிக் வாயிலும் ஒன்று.
அது மேலிருந்து வரவில்லை,
கீழிருந்து ஏறி வந்திருந்தது.

எஞ்சின் ஓட ஓட ஒயில் மூடியைத் திருகினேன்.
புஸ்ஸென்று முகத்தில் சூடான மூச்சு,
மூக்குக்கண்ணாடி முழுக்கப் புள்ளி.
துடைக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.
காஸ்கெட் பாவம்.
உள்ளே நின்று ஆரோ தள்ளத் தள்ள
வெளியே நின்று பூட்டை மாற்றியிருக்கிறோம்.

மூச்சுக்குழாயைக் கழற்றி வாய் வைத்து ஊதினேன்.
போகவில்லை.
ஈர்க்கு விட்டுக் குத்தினேன். செம்மண் உதிர்ந்தது.

இணுவிலில் விற்ற மனுசன்
ஏழு மாதம் முருங்கைக்குக் கீழே நிப்பாட்டியிருந்ததாம்.
குழாய் கழன்று தொங்கியிருக்கும்.
குளவி ஒன்று வீடு பார்த்திருக்கும்.
மண்ணறைகளுக்குள் கால் மடித்த சிலந்திகள்,
ஒன்றில் பச்சை இன்னும் போகவில்லை.
மிதுஷா கொப்பித் தாளில் அடுக்கி எண்ணினாள்: பதினொன்று.
"குளவி திரும்பி வந்து தேடியிருக்குமா?"
தெரியாது என்றேன்.
அவள் தாளை மடித்து எங்கோ கொண்டுபோனாள்.

புதுக் காஸ்கெட்டுக்கு விரலால் இறுக்கம்,
ஸ்பனரால் கால் சுற்று.
கை இன்னும் கொஞ்சம் கேட்டது.
கொடுக்கவில்லை.

மட்டையின் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன்.
விடிய, ஒரு சொட்டு.
மிளகளவு.
கழுவாமல் விட்ட இடுக்கில் இருந்து
பழசு வடிந்ததாகவும் இருக்கலாம்.
வட்டம் போட்டு, திகதி எழுதி,
பக்கத்தில் சின்னதாய் ஒரு கேள்விக்குறி.

"என்ன பிள்ளை, நிலத்தில இருந்து எழுதுறாய்?"
வீட்டுக்காரர், கையில் பேப்பர்.
"கணக்கு" என்றேன்.
ஏழே முக்காலுக்குக் கந்தோர் திறக்கவேணும்.
மூடியைச் சாத்தினேன்.
பவுடர் மணத்தோடு போனது கார்
கோண்டாவில் சந்திவரை.