இட்டுக்கட்டுதல்

மூன்றாம் நாளாக மழை.
ஹோ ஆற்றுச் சாலையில் சிறுபாலம் இடிந்து
பள்ளிக்கூடம் மூடியாயிற்று.
நான் ஓட்டுகிற மஞ்சள் பேருந்து
கொட்டகைக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்கிறது.

ஆற்றின் அளவைப் பத்து நிமிடத்துக்கொரு முறை
கைபேசியில் பார்க்கிறேன்.
பதினோரு அடி. பதினொன்றரை.
முழு மரங்கள் வேரோடு கடலுக்குப் போகின்றன.
மீன் பிடிக்கிற பேச்சே இல்லை.

சமையல் மேஜையின் விளிம்பில் இடுக்கி.
இடுக்கியின் வாயில் ஒரு கொக்கி.
அதன் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டேன்:
இந்த ஆற்றில் அதுதான் சட்டம்,
பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பதும்.

கருப்பு நூல். ஈயத்தில் இரண்டு கண்.
ஊதாச் சாயமேற்றிய முயல்தோல்
ஒரு விரல் நீளம், வாலுக்கு.
போன கிறிஸ்துமஸ் மரத்திலிருந்து
குப்பைக்குப் போகாமல் தப்பிய ஜிகினா நாலு இழை.
அப்புறம் மராபு இறகு.
உலர்ந்திருக்கையில் உள்ளங்கை அளவு திமிர்,
எச்சில் தொட்டு நீவினால் எலிவால்.
தண்ணீருக்குள்தான் அதற்கு மூச்சு வரும்.

இது எந்தப் பூச்சியும் இல்லை.
மீன்குஞ்சு இல்லை, இறாலும் இல்லை.
இப்படியொரு பிராணி
உலகத்தில் எங்கேயும் பிறந்ததில்லை.
குளிர்காலத்தில் ஆறேறி வரும் ஸ்டீல்ஹெட்டோ
தின்பதே அரிது.
பசியில்லாத ஒன்றுக்கு
இல்லாத ஒன்றைப் பரிமாற
ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசி முடிச்சின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு.
செம்பு நிறம். கடையில் யாரும் சீண்டாமல் கிடந்தது,
இருந்த மூன்று குப்பியையும் வாங்கிவிட்டேன்.

போன வாரம் ஹால்வர்டுக்கு நாலு கொடுத்தேன்.
மரவாடியில் ரம்பம் தீட்டுகிறவன்.
"முட்டி வீங்கிக் கெடக்கு. இந்த மாசம் பூரா
ஆத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்" என்றான்,
நாலையும் தொப்பியில் குத்திக்கொண்டே.

ஐந்தாம் நாள் ஆறு இறங்கியது.
சேற்று நிறம் போய்
பழைய சோடா பாட்டிலின் பச்சை.
விழுந்த சீடார் மரத்துக்குக் கீழே
எனக்கென்று ஓர் இடம் உண்டு.
தங்கச்சி புருஷனுக்குக்கூடச் சொன்னதில்லை.

வீசு. ஓடவிடு. ஓரடி இறங்கு.
வீசு. ஓடவிடு.
தூண்டிற்கோலின் வளையங்களில் பனி அடைக்கிறது,
வாயில் வைத்து உறிஞ்சிக் கரைக்கிறேன்.
வீசு.

இழுப்பு என்று சொல்வதா அதை?
யாரோ கதவைச் சாத்தியதுபோல்
கயிறு நின்றது,
பிறகு போனது, போய்க்கொண்டே இருந்தது.

ஆழமில்லாத நீரில் மண்டியிட்டு அவளைத் திருப்பினேன்.
புத்தம்புது வெள்ளி. வாலருகே இன்னும் கடல்பேன்,
நேற்றோ முந்தாநாளோ உப்பை விட்டவள்.
நீருக்கு வெளியே தூக்கவில்லை.
கீழ்த்தாடையின் ஓரத்தில் என் ஊதா.
மேல்தாடையின் மறுபக்கம்
இன்னொரு ஊதா,
அறுந்த தங்கூசி ஒரு சாண் தொங்க,
தலையில் செம்பு நிறம்.

இரண்டையும் கழற்றினேன்.
ஒரே பொய்யை இரண்டு முறை நம்பியவள்
என் கைகளுக்கிடையே கொஞ்ச நேரம் நின்றாள்.
வாலை ஒருதரம் அசைத்தாள்.
கைகள் மட்டும் இருந்தன.

கரையேறிப் பார்த்தேன். புது வண்டலில்
மேலிருந்து மரம்வரை காலணித் தடம்.
இடது, வலது
இரண்டும் ஒரே ஆழம்.

திங்கட்கிழமை சாலை திறந்தது.
மகள் சிக்னியைப் பேருந்தில் ஏற்றிவிட
மழைக்கோட்டோடு வந்து நின்றான்.
"முட்டி எப்படி?"
"அப்படியேதான். வாரம் பூரா கட்டில்தான்."
என் தலைக்குமேல் வெயில் மறைப்பில்
செம்புத்தலை ஊதா குத்தியிருந்தது.
பார்த்தான்.
கண்ணாடியைத் துடைப்பான் நாலு முறை துடைத்தது.
"மறுபடி மழை வரும்போல" என்றான்.
"வரும்" என்றேன். கதவை இழுத்துச் சாத்தினேன்.

ஆரஞ்சில் நாலு வேண்டுமாம்,
சிக்னியிடம் சொல்லியனுப்பியிருக்கிறான்.
கட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஈயக்கண் வைக்காமல் விட்டால் என்ன என்று யோசனை.
மிதக்கட்டுமே.