மூட்டைக்கு இரண்டு கிலோ

மன்னவனூர் தாண்டி
கடைசி பஸ் திரும்பும் இடத்தில்
மழைக்கு ஒதுங்கி நின்றபோது தொடங்கியது எங்கள் கட்சி.
பதினொரு பெண்கள். இரண்டு குடை.
கொள்கை ஒன்றே ஒன்று:
வடுகபட்டி லாரிக்காரன் மூட்டைக்கு இரண்டு கிலோ
கழிவென்று கழிக்கிறானே,
அந்தப் பூண்டு எங்கே போகிறது?
ஊருக்குப் பொதுவாய் ஓர் எடைமேடை வேண்டும்.
அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா?" என்றார்கள்.
"கொடி வேண்டாமா, தலைவர் வேண்டாமா?
முதல்ல நீங்க எந்த வீடு?"

எங்கள் ஊரில் மூன்று வீடு.
பெரியவீடு, நடுவீடு, கீழவீடு.
வீடென்றால் சுவரும் கூரையும் இல்லை, பங்காளிகள்.
ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி;
அதைக் கணக்கில் சேர்ப்பது தேர்தல் வருஷம் மட்டும்.
வாக்குப்பெட்டி மலை ஏறுமுன்னே
இங்கே ஓட்டு எண்ணி முடிந்திருக்கும்.
கோயில் வரிக்கு எழுதின தலைக்கட்டு நோட்டைப்
புரட்டினால் போதும்.

நான் கீழவீட்டில் பிறந்தவள்,
பெரியவீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.
கட்சி மாறுவது எனக்குப் புதிதில்லை.
பத்தொன்பது வயதில் மாறினேன்,
மேளம் வைத்து; ஊரே சாப்பிட்டது.
அதை மட்டும் யாரும் துரோகம் என்று சொல்லவில்லை.

உறுப்பினர் படிவம் கொடைக்கானலில் அச்சடித்தோம்.
பெயர், வயது, எத்தனை சென்ட் பூண்டு.
அச்சுக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு கட்டம் சேர்த்திருந்தார்:
வகையறா.
முந்நூறு தாளிலும் பேனாவால் அடித்தோம்.
வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் தெரிகிறது.

பொருளாளர் யாரென்று பேசிய அன்று
என் வாயில் முதலில் வந்தது
என் சித்தப்பா மகள் பெயர்.
"நம்பிக்கையான பொண்ணு" என்றேன்.
எஸ்தர் சிரித்தாள்,
கேரட் கழுவித் தோலுரிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு.
அந்தப் பேனா அன்று
என் கைக்கு எட்டவில்லை.

எஸ்தரையே வார்டுக்கு நிறுத்தினோம்.
மூட்டை தூக்குகிறவளுக்கு எடை தெரியாதா?
தராசு சின்னம் கேட்டோம்.
கிடைத்தது சீப்பு.

வீடு வீடாய்ப் போனோம்.
காட்டெருமை மிதித்த பாத்தியைக் காட்டினார்கள்,
காப்பி கொடுத்தார்கள்,
எடைமேடை நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டார்கள்.
"ஆனா ஓட்டு வேற விஷயம் இல்லையா?"

எதிரில் நின்றவன் என் கொழுந்தன் மருதையன்.
யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் சுலபம்.
வெள்ளிக்கிழமை தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு
என் மகளுக்கு வரன் கொண்டு வந்தார்கள்.
நல்ல பையன்தான்,
பழனியில் கூட்டுறவு வங்கியில் வேலை.
"ஓட்டு முடியட்டும், பேசலாம்" என்றேன்.
தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.
அது இருந்த இடத்தில்
ஈரம் வட்டமாய்க் கொஞ்ச நேரம் கிடந்தது.

இருநூற்றுப் பதினெட்டில்
சீப்புக்கு முப்பத்தேழு.
காலனியில் இருபத்தாறு என்று வைத்தாலும்
(இந்தக் கணக்குப் புத்தி விட்டுப்போகவில்லை)
மூன்று வீட்டிலிருந்து பதினொன்று வந்திருக்கிறது.
எஸ்தர் நீங்கலாக நாங்கள் பத்துப் பேர்.
அந்த இன்னொன்று யார்?
பத்துப் பேரும் போட்டோமா என்பதையும்
நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

மாசியில் லாரி வந்தது.
மருதையன் மெம்பர் ஆனபின் முதல் லோடு.
அவன் மூட்டைக்கும் இரண்டு கிலோ.
இருபத்தெட்டு மூட்டை.
விரல் மடக்கி எண்ணியபடி நின்றான்,
கொண்டை ஊசி வளைவில் லாரிச் சத்தம் அடங்கும்வரை.
பிறகு என் பக்கம் திரும்பாமல்,
"அண்ணி, அந்த மேடை என்ன விலை வருதாம்?"

சொன்னேன்.
பனி இறங்கிவிட்டது, முகம் தெரியவில்லை.
காதில் விழாதவன்போல
இன்னொரு தடவை கேட்டான்.
இன்னொரு தடவை சொன்னேன்.