அச்சுக் கணக்கு

பரமத்தி வேலூர், காவிரிப் பாலத்தின் வடகரை.
பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
அமுக்கினால் ஒன்று கூடும் குமிழ் கையில்.
ஏழு நாள். பகல் நான், இரவு மச்சினன் லோகு.

அனுப்பியவர் இந்தூர்க்காரர்.
பாலத்தைப் பார்த்ததில்லை.
சுங்கம் வசூலிக்கும் உரிமை ஏலத்துக்கு வருகிறதாம்.
வாரம் இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.
வண்டி வந்தாலும் வராவிட்டாலும்
அந்தத் தொகை போயாக வேண்டும்.
மேலே விழுவது அவருக்கு.
ஃபாஸ்டேக் கணக்கு இருக்கிறதே என்றேன்.
கண்ணால் எண்ணு என்றார்,
கடலை வியாபாரி மூட்டையைக் குத்தூசியால் குத்தி
நாலு பருப்பைக் கையில் கொட்டிப் பார்ப்பதுபோல.

கார், ஜீப் ஒரு கட்டம்.
ரெண்டச்சு லாரியும் பஸ்ஸும் ஒன்று.
மூணச்சு தனி.
காற்றாலை இறக்கை ஏற்றிய வண்டி வந்தால்
எழுந்து நின்றுதான் எண்ண முடியும்,
தலை போய் வெகுநேரம் கழித்தே வால் வரும்.
காலி லாரி பின்னச்சைத் தூக்கிக்கொண்டு வரும்,
அடிபட்ட நாய் ஒரு காலைத் தூக்கி ஓடுவதுபோல.
தரையைத் தொடாத சக்கரத்துக்குக் காசு உண்டா?
சாவடியில் தினமும் அந்தச் சண்டைதான்.
நான் அதையும் எண்ணினேன்.

திண்டுக்கல் பக்கம் துளை போடப் போகும்
திருச்செங்கோட்டு ரிக் வண்டி.
பொழுது சாய வெற்றிலைக் கட்டு.
மில்லுக்குப் பிள்ளைகளை ஏற்றிய வேன்,
அத்தனை தலையும் கண்ணாடியில் சாய்ந்து.
பைக்குக்குக் கட்டம் இல்லை.
பழனிக்கு நடப்பவர்களுக்கு இல்லை.
கீழே போகும் தண்ணீருக்கும்.

மூன்றாம் நாள் குறிப்பைப் புரட்டினேன்.
முட்டை லாரியே இல்லை.
நாமக்கல் பக்கத்தில், முட்டை லாரி இல்லாத ரோடு!

தென்கரையில் வேறு கம்பெனிக்கு எண்ணுகிறவர் சென்னியப்பன்.
விடியக்காலம், ஆள் மாறுகிற நேரம்,
பாலத்தைத் தாண்டி டீக்கு வந்தார்.
'உங்க பக்கம் முட்டை வண்டி எத்தனைங்?'
'ஒண்ணுங்கூட இல்லீங்.'
சிரித்தார். டீ வேட்டியில் சிந்தியது.
'இப்பக் குத்தகை எடுத்திருக்கறவரு சொல்லிப்போட்டாருங்.
இந்த வாரம் பூரா மோகனூர் சுத்திப் போங்கோ,
டீசல் காசு நாந் தாறேன்னு.
நாம கம்மியா எண்ணோணும்.
நம்ம மொதலாளிக கம்மியா எழுதோணும்.
அவுரு ஒரு பைசா கூடப் போட்டு
மறுக்கா எடுத்துக்குவாரு.'

இந்தூருக்குப் போன் செய்தேன்.
பார்த்ததை மட்டும் எழுது என்றார்.
படிவத்தில் வந்த வண்டிக்குக் காலம் உண்டு.
வராத வண்டிக்குக் காலம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் 'முட்டை?' என்று எழுதினேன்.
ஸ்கேனில் அது விழவில்லை.

கடைசி நாள் இருவர் கூட்டலையும் ஒப்பிட்டோம்.
முப்பத்தொரு வண்டி உதைத்தது.
ஒரே பாலம். நடுவில் இறங்க வழியில்லை.
'எங்கியோ ஒருத்தன் தூங்கிட்டான்' என்றார்.
நான் லோகுவைப் பார்க்கவில்லை.

கூலி ஆறாயிரத்து முந்நூறு.
பிடித்தம் போக ஐயாயிரத்து அறுநூற்றி எழுபது.

சித்திரையில் மாமன் காரில் கரூருக்குப் போனேன்.
சாவடியில் ஃபிளெக்ஸ் புதிது, பெயர் பழையது.
முன்னால் முட்டை லாரி, பின்னால் முட்டை லாரி,
பக்கத்து வரிசையில் மூன்று.
கட்டைவிரல் தொடையில் தானாக அமுங்கிக்கொண்டிருந்தது.
எங்கள் வில்லையை மெஷின் படிக்கவில்லை.
கண்ணாடிக்கு உள்ளே இருந்த பெண்
துண்டால் மூக்கை மூடியபடி,
'ரெண்டு பங்குங்' என்றாள்.
மாமன் கத்தினார், பாலம் போட்ட காசு
இன்னும் எடுத்து முடியலையா என்று.
'எனக்கு எட்டு மணி நேரங்க,' என்றாள் அவள்,
'அதுக்கு முன்னால கணக்கு எனக்குத் தெரியாதுங்.'

ரசீதைப் படித்தேன்.
வகை: கார். அச்சு: இரண்டு.
அது சரியாகத்தான் இருந்தது.