கதவு திறக்கும்வரை

மைனஸ் இருபத்தேழு.
வின்னிபெக்கில் பிளாஸ்டிக்கும் விறைத்துப்போகும்.
இம்பாலாவை ஒரு மணி நேரம் ஹீட்டர் முன் நிறுத்திவைத்து
அப்புறம்தான் டேஷ்போர்டில் நெம்பியை நுழைத்தேன்.
அப்படியும் ஒரு கிளிப் போயிற்று.
தன் விலாவே ஒடிந்ததுபோல்
முகம் சுளித்தார் ஓரெஸ்ட் ஹலுஷ்சாக்.

காத்திருக்க நாற்காலி உண்டு, காப்பி உண்டு.
அவர் வண்டிக்குள்ளேயே,
பக்கத்து சீட்டில், கோட்டுக்கூடக் கழற்றாமல்.

"புதுசு வேணும், ழோஸ்லின்.
ஆனா பழசு எதுவும் போகக் கூடாது."

எல்லாரும் சொல்வதுதான்.
வேறு எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள்.
என்னிடம் சொன்னால் தனியாக நூற்றுப் பத்து டாலர்:
இரண்டு தீப்பெட்டியை ஒட்டினாற்போல் ஒரு கறுப்புப் பெட்டி,
வால் முழுக்க ஒயர்.

பழைய ரேடியோவை உருவினேன்.
உருவிய பிறகுதான் ஆட்களுக்குத் தெரியும்
அது வெறும் ரேடியோ இல்லை என்று.
பெல்ட் போடு என்று சிணுங்கியது அதுதான்.
விளக்கை அணைக்க மறந்தால் கூப்பிட்டதும் அதுதான்.
இண்டிகேட்டரின் டிக் டிக்கூட
அதன் தொண்டையிலிருந்து வந்ததுதான்.
வண்டியின் வாயைப் பிடுங்கி
மேசைமேல், ஸ்பேனர்களுக்கு நடுவே வைத்திருந்தேன்.
பச்சை அம்பு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
எதையோ சொல்ல முயலும் ஆள் மாதிரி.

மஞ்சளுக்கு மஞ்சள். கறுப்புக்குக் கறுப்பு.
முறுக்கி டேப் ஒட்டுகிற ஜாதி இல்லை நான், கிரிம்ப்தான்.
சிவப்பு ஒயர் மட்டும் நேராகச் சாவிக்குப் போகாது,
பெட்டியைக் கேட்டுக்கொண்டுதான் உயிர் வாங்கும்.

ஆணிக் கடை ரசீதின் முதுகில்
பென்சிலால் எழுதி வந்திருந்தார்:
ஸ்டியரிங்கில் சத்தப் பொத்தான்.
மணி.
பிறகு இரண்டு கோடு இழுத்து:
சாவியை எடுத்தாலும், கதவு திறக்கும்வரை, பாடணும்.

"வீட்டு வாசல்ல வந்து நின்னதும்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்," என்றார்.

"வீட்டுல யாரும் இல்லையா?"

"இருக்காங்க. அதனாலதான்."

நல்லவேளை, என் பல்லிடுக்கில் ஒரு ஒயர் இருந்தது.

பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தச் சொன்னேன்.
கையுறையோடு அழுத்தினார்.
பெட்டி இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டது.
கையுறையைக் கழற்றச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து.

திரை எரிந்தது, கம்பெனி பேர் ஆறு நிறத்தில்.
அவர் அதைப் பார்க்கவேயில்லை.
மணி அடித்தது. கொஞ்சம் கீச்சு.

"இது அது இல்லை."

பெட்டியின் விலாவில் ஒரு குட்டித் திருகு,
கால் சுற்று திருப்பினேன்.
"குரல் வேற," என்றார். "விஷயம் அதேதான். சரி."

பிறகு சாவியை உருவினார்.

கனோலா டன்னுக்கு என்ன விலை,
கோதுமை நேற்றைவிட எவ்வளவு இறக்கம்,
மோர்டன் பக்கம் சாலையைப் பனி மூடிவிட்டது.
யாரோ ஒரு பெண் வாசித்துக்கொண்டே போனாள்.
அவருக்கு ஒரு ஏக்கர் கிடையாது.
முப்பது வருஷம் பஸ் டிக்கெட் மெஷின் பழுதுபார்த்தவர்.
எனக்கும் கோதுமைக்கும் ரொட்டியோடு சரி.
இருந்தும் உட்கார்ந்திருந்தோம்.
பத்து நிமிஷம்தான் அதற்கு ஆயுள்,
அதற்குள் எவராவது கதவைத் திறந்தால் அதுவும் இல்லை.

வெளியே அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.
கைப்பிடிமேல் கையை வைத்தார். எடுத்தார்.
"பார்லி விலையைச் சொல்லிடட்டும்."

சொன்னாள்.

என் டிரக்கில் அந்தப் பெட்டி இல்லை.
வாங்கணும் என்று நாலு வருஷமாக நினைப்பு.
ராத்திரி வாசலில் சாவியைத் திருப்பினால்
பாதி வார்த்தையில் அறுந்துவிடும்.
இறங்கித்தான் ஆகணும்.

சட்டைப் பையில் ஏழு மில்லிமீட்டர் திருகு ஒன்று.
எந்த வண்டியுடையது என்று தெரியும்.
மூன்று பிடித்திருக்கிறது, போதும்.
போன் பண்ணவில்லை.