உரித்த தேங்காய்

நெகமத்துக்கு மேற்கே, தோப்புக்கு நடுவில்
தண்ணீர் நீலமாய் இருந்தது.
அடியில் பதித்த ஓட்டின் நிறம் அது.
வாய்க்கால் தண்ணீருக்கு
அப்படியொரு நிறம் நான் பார்த்ததில்லை.

எங்கள் காட்டுக் கிணறு அறுபதடி.
கைப்பிடிச் சுவர் கிடையாது.
ஆனால் எட்டிப் பார்த்தால்
அதுவே நம்மைப் பின்னால் தள்ளும்.
இந்த நீலத்துக்குப் பயமுறுத்தத் தெரியவில்லை.

"வேலி அழகா இருக்கோணும்"
என்றார் பொங்கியண்ணன்,
கோயமுத்தூரில் வரைந்த படத்தை நீட்டி.
படத்தில் கம்பிகள் படுத்துக் கிடந்தன.
கம்பிக்குக் கம்பி ஆறு அங்குலம்.

நான் பட்டறைக்காரன். படம் போடத் தெரியாது.
"படுத்த கம்பி ஏணிங்க" என்றேன்.
அவர் சிரித்தார்.

களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள்.
சின்னதாய் ஒன்றை எடுத்துவந்து
மாதிரிக்கு நட்டிருந்த சட்டத்தின்
இடுக்கில் வைத்தேன்.
தள்ளக்கூட இல்லை.
திண்டில் ஒருதரம் தட்டி,
தண்ணீருக்குள் போய்,
மேலே வந்து மிதந்தது.

தேங்காய் மிதக்கும்.

"என்னங்க சத்தம்?" என்று தமயந்தி வெளியே வந்தாள்.
இடுப்பில் மகிழினி, ரெண்டு வயசு,
ஒரு கையில் கடித்த கச்சாயம்.
"தேங்காய்ங்க. சத்தம் போட்டுட்டு விழுந்துச்சு" என்றேன்.
பொங்கியண்ணன் படத்தைச் சுருட்டினார்.

எல்லாக் கம்பியையும் எழுப்பி நிறுத்தினேன்,
இடைவெளி நாலு அங்குலத்துக்குள்.
உயரம் அவர் நாலடி கேட்டார், நான் ஐந்தரை.
மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடிப்பதுபோல் பேசி
ஐந்தில் முடிந்தது.
வேலியோரத்துச் சிமெண்ட் பெஞ்சையும்
ரெண்டு பூந்தொட்டிகளையும் தள்ளி வைக்கச் சொன்னேன்.
"தொட்டி கூடவா?"
"ஏறி நிக்கத் தொட்டி போதுமுங்க."

கதவு வெளிப்பக்கம் திறக்கும்.
விட்டால் ஸ்பிரிங் இழுத்து மூடும்.
கொண்டி உள்பக்கம், என் நெஞ்சு உயரத்தில்.
நூறு தடவை விட்டுப் பார்ப்பதென்று தொடங்கினேன்.
எழுபத்தோராவது தடவை
நாக்கு ஏறாமல் நின்றது.
கழற்றி அரம் போட்டேன்.
மறுபடி ஒன்றிலிருந்து.

தண்ணீரை உறிஞ்சும் அடிச் சல்லடையில்
ஒரு திருகாணி இல்லை.
அது என் வேலையில்லை. சொல்லிவிட்டு வந்தேன்.

புதுவீட்டு விருந்தன்று
மீதிப் பணத்துக்குப் போனேன்.
பந்தி மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது.
கதவு திறந்து கிடந்தது.
கீழே ஒரு செங்கல் முட்டுக் கொடுத்து;
யாரோ ஐஸ் பெட்டி தூக்கிப்போகத் தோதாக.
தண்ணீரில் ஒரு மஞ்சள் வாத்து, தனியாக,
வா வா என்பதுபோல் ஆடிக்கொண்டு.

வேலிக்குள் யாருமில்லை.
யாருமில்லை என்பதை
நாலு மூலைக்கும் போய்
அடிவரைக்கும் பார்த்து எண்ணினேன்.
மகிழினி எங்கே என்று தேடினேன்.
பந்தலில், அப்பன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து
வலைக்கம்பால் வாத்தை இழுத்தெடுத்தேன்.
செங்கல்லை எடுத்தேன்.
கதவு தானாக வந்து மூடியது. டக்.
சாப்பிடவில்லை. பணமும் கேட்கவில்லை.
வண்டிப் பெட்டியில் செங்கல்லைப் போட்டுக்கொண்டு
வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தமயந்தி போன் பண்ணினாள்.
"ஸ்பிரிங் ரொம்ப விறைப்புங்க, கை வலிக்குது.
கொஞ்சம் தளத்திக் குடுங்கொ."
"வலிக்கட்டுங்க" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு தூரத்தில் எங்கேயோ
டக்.

மீதி நாலாயிரம் இன்னும் வரவில்லை.
செங்கல் என்னிடம்தான் இருக்கிறது.